லீவர் ரைஃபிளில் ரிவால்வர் தோட்டா ஏன் இவ்வளவு கரி கக்குகிறது?

மன்னார்குடித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். டெக்சாஸில் இருக்கும் அவர் மச்சான், .45 கோல்ட் என்ற ரிவால்வர் தோட்டா போடும் லீவர் ரைஃபிள் ஒன்று வாங்கியிருக்கிறார். விசைக்கு அடியில் உள்ள நெம்புகோலை அசைத்துத் தோட்டா ஏற்றும் வகை அது. பத்துப் பதினைந்து சுடுவதற்குள் உள்ளே எல்லாம் கரி அப்பிக்கொள்கிறது, சில சமயம் சூடான புகை கன்னத்தில் வந்து அடிக்கிறது. அதே தோட்டாவை ரிவால்வரில் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. தோட்டாவை மச்சானே வீட்டில் நிரப்புகிறார். 'சுத்தமாக எரியும் மருந்து' எது என்று விசாரித்தால் நாலு பேர் நாலு பெயர் சொல்கிறார்கள். எதை வாங்குவது? அப்புறம், இதை நம் ஊரில் செய்ய முடியுமா?

முன்னதற்குத்தான் பதில் நீளம். வெடிமருந்துத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது திருவையாறு பக்கம். மகள் வீடு அமெரிக்காவில் என்பதால், அங்கே போகும்போது மாப்பிள்ளை கராஜில் தோட்டா நிரப்பும் மேசைக்கு எதிரே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அவரிடமும் இதே .45 கோல்ட் ரைஃபிள்தான், இதே புலம்பல்தான்.

மருந்து டப்பாவை மாற்றுவது கடைசி வேலை. மச்சான் முதலில் பார்க்க வேண்டியது, சுட்ட பிறகு வெளியே வந்து விழும் பித்தளைக் கூட்டை. அது சுடும் கணத்தில் சேம்பர் (குழலின் பின்கோடியில் தோட்டா உட்காரும் அறை) சுவரோடு ஒட்டுகிறதா இல்லையா என்பதுதான் இங்கே பாதிக்கு மேல் கதை.

இப்போதைய தோட்டாக்களில் போடும் புகையில்லா மருந்து திறந்த வெளியில் பற்றவைத்தால் சோம்பேறித்தனமாக மஞ்சள் சுவாலை விட்டு எரியும், வெடிக்காது. அதே மருந்தை அடைத்து வைத்து எரித்தால் அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறும், அந்த வேகம் அழுத்தத்தை மேலும் ஏற்றும். தொழிற்சாலையில் ஒவ்வொரு தொகுதி மருந்தையும் கெட்டியான எஃகுக் கலத்துக்குள் மூடி எரித்து, அழுத்தம் எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்று பதிவு செய்வோம். அந்தக் கோட்டைப் பார்த்துப் பழகியவனுக்கு ஒன்று தெரியும்: அழுத்தம் போதாத இடத்தில் எந்த மருந்தும் அழுக்குதான். குண்டு சீக்கிரம் நகர்ந்துவிட்டால் பின்னால் இடம் பெரிதாகும், அழுத்தம் இறங்கும், எரிந்துகொண்டிருந்த துகள் பாதியிலேயே அணைந்துபோகும். குழலுக்குள்ளும் சேம்பரிலும் நறநறவென்று கிடக்கும் துகள்கள் அப்படி அணைந்தவைதான்.

இந்த அழுத்தத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. கூட்டின் வாய்ப்பக்கத்தை வெளிப்புறமாகத் தள்ளி, சேம்பர் சுவரோடு அழுத்தி, வாயு பின்னால் வராமல் அடைப்பது. நம் வாய்க்கால் மதகுப் பலகையைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஜூன் 12 மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, முதல் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வரும்போது பலகையின் ஓரமெல்லாம் பீச்சியடிக்கும். வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்போம். ஆற்றில் தண்ணீர் கட்டி நின்றதும் அதே பலகையைத் தண்ணீரே காடியோடு சேர்த்து அழுத்திவிடும், கசிவு தானாக நிற்கும். பலகையும் காடியும் அதேதான், தண்ணீரின் கனம்தான் கூடியிருக்கிறது. பித்தளைக் கூடும் அப்படித்தான். அழுத்தம் போதவில்லை என்றால் கூடு விரிந்து அடைப்பதற்குள் வாயு அதன் வெளிப்பக்கமாகப் பின்னால் ஓடி வந்துவிடும். வரும்போது கரியையும் கூட்டிக்கொண்டு வரும்.

.45 கோல்ட் தோட்டா இதில் கொஞ்சம் பாவப்பட்ட பிறவி. 1873-ல் கோல்ட் ராணுவ ரிவால்வரோடு பிறந்தது. 40 கிரெயின் வரை கரிமருந்து (அந்தக் காலத்துக் கறுப்பு வெடிமருந்து) கொள்ளும் பெரிய கூடு, 255 கிரெயின் ஈயக்குண்டு. கிரெயின் என்பது மருந்தையும் குண்டையும் நிறுக்கும் சின்ன எடை அளவு. அதற்கு அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் கழகமான சாமி (SAAMI) வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 14,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) மட்டுமே. சக்தி கூடிய ரிவால்வர் தோட்டாக்களான .357 மேக்னத்துக்கு 35,000, .44 மேக்னத்துக்கு 36,000. வித்தியாசத்தைப் பாருங்கள். அதோடு கூட்டின் வாய்ச்சுவர் ஓரளவு தடிமன், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 11, 12 பங்கு வரும். சேம்பரோ பெரும்பாலும் தாராளமாகக் கடையப்பட்டிருக்கும். குறைந்த அழுத்தம், தடித்த சுவர், தளர்ந்த சேம்பர் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் கசியாமல் என்ன செய்யும்?

அதே 1873-ல் வந்த வின்செஸ்டர் லீவர் ரைஃபிளின் சொந்தத் தோட்டா 44-40. அழுத்தம் அதற்கும் குறைவுதான், ஆனால் கரித் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. காரணம் வாய்ச்சுவர் மெல்லிசு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஏழு பங்கு அளவு. லேசான கழுத்தும் உண்டு. சின்ன அழுத்தத்துக்கே விரிந்து ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலத்தில் .45 கோல்ட்டுக்கு யாரும் லீவர் ரைஃபிள் செய்யவில்லை. அதன் கூட்டின் அடிவிளிம்பு மிகச் சிறியது, இழுத்து வெளியேற்றப் பிடிமானம் போதாது. இப்போது சந்தையில் கிடைக்கும் .45 கோல்ட் லீவர் ரைஃபிளெல்லாம் நம் காலத்துச் சரக்கு. ரிவால்வரும் ரைஃபிளும் ஒரே தோட்டாவில் இருக்க வேண்டும் என்ற ஆசைக்காகச் செய்தது. கரி வேண்டாம், பழைய அழகும் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் 44-40 வாங்கச் சொல்லியிருப்பேன். வாங்கியாகிவிட்டது, சரி.

ரிவால்வரில் மட்டும் ஏன் தொல்லை இல்லை? அங்கேயும் கூடு கறுக்கத்தான் செய்கிறது. தோட்டாக்கள் இருக்கும் சுழலும் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகவே புகை கொட்டுவதால் பின்னால் கசிவது கண்ணில் படாது. கரி படிந்து இறுகும் அளவுக்குப் பின்னால் பெரிய இயந்திரமும் கிடையாது, சுடுபவரின் முகமும் கை நீளத்துக்கு அப்பால். ரைஃபிளில் தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் போல்ட், தோட்டாவைத் தூக்கிக்கொடுக்கும் கேரியர், நெம்புகோல் எல்லாம் அந்தக் கசிவின் வழியில் உட்கார்ந்திருக்கின்றன. கன்னம் கட்டையில் ஒட்டியிருக்கிறது.

இனி மச்சான் செய்ய வேண்டியது. சுட்ட கூடு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வாயோரம் மட்டும் மெல்லிய மசிக்கோடு இருந்தால் அது எல்லோருக்கும் வருவது, விட்டுவிடலாம். கரி நாக்கு நீட்டியதுபோல் வாயிலிருந்து அடிவிளிம்பு வரை இறங்கியிருந்தால் கூடு அடைக்கவில்லை. அது பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் இருக்கும், கூடு சேம்பரின் தரையில் படுத்திருப்பதால் மேலே சந்து அதிகம். மாப்பிள்ளை எடுத்துக் காட்டிய கூடுகளில் ஒரு பக்கம் தங்கம் மாதிரிப் பளபளப்பு, மறுபக்கம் அடுப்படிச் சுவர். குழலைத் தட்டினால் மஞ்சளும் கறுப்புமாகத் துகள் கொட்டினால் மருந்து அணைந்துபோகிறது. விரலில் பிசுபிசுவென்று கறுப்பு மை ஒட்டினால் மருந்தைத் திட்டாதீர்கள், அது ஈயக்குண்டின் பள்ளத்தில் தடவியிருக்கும் மெழுகு. தேன்மெழுகு, எண்ணெய் எல்லாம் கலந்த அந்த உயவு எரிந்து வரும் புகையை மருந்துப் புகை என்று நினைத்து டப்பா டப்பாவாக மாற்றிப் பார்த்தவர்கள் அங்கே நிறைய. அதற்கு வழி எளிது. பூச்சுப் பூசிய ஈயக்குண்டு கிடைக்கிறது, மெழுகே வேண்டாம். புகை பாதியாகக் குறையும்.

கூடு அடைக்கவில்லை என்று தெரிந்தால், முதலில் மருந்து அளவுகள் அச்சிட்ட கையேட்டைத் திறந்து அவர் போடும் அளவு எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 1980-களிலிருந்து கௌபாய் உடுப்பில் நேரம் குறித்துச் சுடும் போட்டி அங்கே பிரபலம். வேகமாகச் சுட உதை குறைய வேண்டும், அதனால் அளவைக் குறைத்துக் குறைத்து அடிமட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். குண்டையும் 250 கிரெயினிலிருந்து 160 கிரெயின் வரை லேசாக்கினார்கள். தோளுக்குச் சுகம், கூட்டுக்குக் கேடு. கையேட்டில் அந்தக் குண்டுக்கும் அந்த மருந்துக்கும் போட்டிருக்கும் குறைந்த அளவுக்கும் உச்ச அளவுக்கும் நடுவில் வந்தாலே பாதிக் கரி போய்விடும். உச்சத்தைத் தாண்டச் சொல்லவில்லை. கனமான குண்டு போட்டாலும் அழுத்தம் ஏறும், ஏனென்றால் அது எளிதில் நகராது. அதற்கென்று கையேட்டில் தனி அளவு இருக்கும், லேசான குண்டுக்குப் போட்ட மருந்தை அப்படியே இதற்குப் போடக்கூடாது.

அப்புறம் கிரிம்ப். கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்துக்குள் மடித்துப் பிடிப்பது. பலர் இதைத் தோட்டா நழுவாமல் இருக்க மட்டும் என்று நினைக்கிறார்கள். மருந்து நன்றாகப் பற்றிக்கொள்ளும் வரை குண்டைப் பிடித்து வைப்பதும் இதன் வேலைதான். மாப்பிள்ளையிடம் பார்த்தேன், மடிப்பு இருந்ததா என்றே தெரியாத அளவுக்கு லேசு. டையை (கூட்டை உருமாற்றும் அச்சு) இறக்கி மடிப்பை நன்றாக உருட்டிய அன்று கொட்டும் துகள் கண்ணுக்குத் தெரிந்தே குறைந்தது. வாயை அகட்டும் குச்சி பெரிதாக இருந்து கூடு குண்டைத் தளர்வாகப் பிடித்தாலும் இதே கதைதான், அதையும் அளந்து பார்க்கலாம்.

மூன்றாவது, கூட்டைச் சுருக்கும் டை. சுட்ட கூடு சேம்பர் அளவுக்கு விரிந்திருக்கும். கெட்டியான கார்பைட் உலோக டை அதை அடிவரை உருவிச் சின்னதாக்கிவிடும். அடுத்த முறை அது மறுபடி அவ்வளவு தூரம் விரிய வேண்டும். குண்டு உட்காரும் ஆழத்துக்கு மட்டும் டையை இறக்கினால் உடம்பு சேம்பர் அளவிலேயே நிற்கும், சந்து குறையும். ஆனால் அந்தத் தோட்டா அந்த ரைஃபிளுக்கு மட்டும்தான் நிச்சயம். ரிவால்வர் சிலிண்டரில் இறங்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும், இறங்காவிட்டால் பிரித்து வைக்க வேண்டும்.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது, சூடுகாட்டிப் பதப்படுத்துவது. தோட்டாப் பித்தளை என்பது 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுடும்போதும் டையில் உருவும்போதும் அது விரிந்து சுருங்கிக் கடினப்பட்டுக்கொண்டே போகும். கடினப்பட்ட பித்தளை விரிய மறுக்கும். வாய்ப்பக்கத்தை மட்டும் சூடுகாட்டினால் மறுபடி இளகி, சின்ன அழுத்தத்துக்கும் சுவரோடு ஒட்டும். ராணுவ ரைஃபிள் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் ஊதாவுமாக ஒரு நிறம் ஓடியிருக்குமே, அது இந்தச் சூட்டின் தடம். துடைக்காமல் விட்டிருப்பார்கள். .45 கோல்ட்டின் தடித்த வாய்க்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆபத்து எங்கே என்றால், சூடு அடிப்பக்கத்துக்கு இறங்கக்கூடாது. அடி இளகினால் அழுத்தத்தைத் தாங்காமல் கிழியும், அந்தக் கூடு குப்பைக்குத்தான். .45 கோல்ட் கூடு குட்டை என்பதால் வாய்க்கும் அடிக்கும் தூரமே இல்லை. பழகியவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் செய்யச் சொல்லுங்கள், யூடியூப் பார்த்து வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகு மருந்துக்கு வரலாம். குறைந்த அழுத்தத்திலும் முழுதாக எரிய வேண்டும் என்றால் வேகமாக எரியும் வகை வேண்டும். புல்ஸ்ஐ, ரெட் டாட், டைட்குரூப் எல்லாம் அந்த வகை. யுனீக் 1900-லிருந்து இருக்கும் பழைய பெயர், நடுத்தர வேகம். லேசான அளவில் துகள் விடும், சரியான அளவில் நல்ல பிள்ளை. அதன் கெட்ட பெயர் பெரும்பாலும் போடுபவர்கள் வாங்கிக்கொடுத்தது என்பது என் அபிப்பிராயம். டிரெயில் பாஸ் என்று நடுவில் ஓட்டையுள்ள வில்லைகளாக, கூடு நிறையும்படி உப்பலாகச் செய்த ஒன்று உண்டு. கிடைத்தால் நல்லது, கிடைப்பதுதான் பாடு. எச்110 பக்கம் மச்சான் போகவே வேண்டாம். அது மேக்னம் தோட்டாக்களுக்கான மெதுவான மருந்து, அளவைக் குறைத்தால் ஒழுங்காகப் பற்றாது. 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதீர்கள் என்று விற்பவர்களே எச்சரிக்கிறார்கள்.

வேக மருந்தில் ஒரு வினை இருக்கிறது, இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். 40 கிரெயின் கரிமருந்துக்காகச் செய்த கூட்டில் இந்த மருந்து அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். 1 கிரெயின் என்பது 0.065 கிராம் கூட இல்லை. தவறி இரண்டு தரம் கொட்டினாலும் கூடு வழியாது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. துப்பாக்கி உடைந்து விரல் போவது இப்படித்தான். மருந்து போட்ட கூடுகளை வரிசையாகக் கட்டையில் நிறுத்தி, குண்டு வைக்கும் முன் டார்ச் அடித்து எல்லாவற்றின் மட்டமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பேச்சுக் கொடுப்பவர்களை அப்போது கராஜில் விடக்கூடாது. என்னையும் மாப்பிள்ளை வெளியே போகச் சொல்லிவிடுவார், சரிதான்.

இதற்கு நேர் எதிர் ஆபத்து, மருந்து போதாமல் குண்டு 20 அங்குலக் குழலின் நடுவில் நின்றுவிடுவது. ரிவால்வரின் குட்டைக் குழலில் வெளியேறிவிடும் அளவு, நீளக் குழலில் உராய்வைத் தாண்ட முடியாமல் நிற்கலாம். செம்புறை போட்ட குண்டுக்கு இந்த வாய்ப்பு அதிகம். சத்தம் 'பொத்'தென்று வந்தால் அடுத்ததைச் சுடக்கூடாது, குழலைப் பார்த்தாக வேண்டும்.

மச்சானின் ரைஃபிள் எந்த வடிவம் என்று நீங்கள் எழுதவில்லை. 1873 வின்செஸ்டரின் நகல் என்றால் அதன் பூட்டு மடங்கும் இணைப்புகளால் ஆனது, வலு குறைவு. பிரவுனிங் வடிவமைத்த 1892 வகையும் மார்லின் 1894-ம் உறுதியானவை. சில கையேடுகளில் .45 கோல்ட்டுக்கே கெட்டியான ரிவால்வர்களுக்கு மட்டும் என்று தலைப்பிட்டு, அழுத்தம் கூடிய வேறொரு பட்டியல் இருக்கும். கரி போகிறது என்று 1873 நகலில் அதைப் போட்டுவிடப் போகிறார், கூடவே கூடாது. இன்னொன்று, குழலுக்கு அடியில் உள்ள குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும், ஒன்றின் மூக்கு முன்னதன் பிரைமரில் (கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் மூடி) முட்டிக்கொண்டு. தட்டை மூக்குக் குண்டு தவிர வேறெதுவும் வேண்டாம்.

நம் ஊர் கேள்விக்கு வருகிறேன். அங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் வேண்டும். இங்கே 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ம் பிரிவு, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதையே தடுக்கிறது. துப்பாக்கி உரிமம் கையில் இருக்கிறது என்பது இதற்குப் பொருந்தாது. பழைய மிராசு வீடுகளில் இன்னமும் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் இருக்கிறது, தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்குவார்கள். அவர்களும் தோட்டாவைக் கடையில் கணக்கெழுதித்தான் வாங்க வேண்டும். தாத்தா காலத்தில் கரிமருந்து போட்டுச் சுட்டவர்கள் வீட்டில் சுடுதண்ணீர் கொதிக்கவைத்துக் குழலில் ஊற்றுவார்கள். எரிந்த கரிமருந்தில் பாதிக்கு மேல் திடக்கழிவாக நின்றுவிடும், அதில் பெரும்பகுதி உப்புகள், தண்ணீருக்குத்தான் கரையும். இப்போதைய மசி தண்ணீருக்கு அசையாது, அதற்குரிய கரைப்பான் வேண்டும்.

மச்சானிடம் சுட்ட கூடு நாலைந்தை வரிசையாக வைத்து, கறுத்த பக்கம் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ரைஃபிளின் பெயர், குண்டின் எடை, மருந்தின் பெயர், எத்தனை கிரெயின் போடுகிறார், அந்தக் கூடுகளை எத்தனை தடவை நிரப்பியாகிவிட்டது என்பதையும் எழுதட்டும். டையா, கிரிம்பா, சூடுகாட்டலா என்று எதில் ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்கிறேன். அதுவரை புது டப்பா வாங்க வேண்டாம்.